ரத்தத்தில் கேண்டிடா பூஞ்சை: மருந்து தொடங்கிய பிறகு செய்ய வேண்டியவை குறித்துக் கேள்விகளும் பதில்களும்

ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) பாட்டிலில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது என்று வார்டுக்குத் தொலைபேசியில் சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. நுண்ணுயிரியல் ஆய்வகத்திலிருந்து நான் அதைச் சொன்னதும் மறுமுனையில் பெரும்பாலும் ஒரே கேள்வி வரும்: "எந்த மருந்தைத் தொடங்கட்டும்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மருந்து எழுதியதோடு வேலை பாதிகூட முடிவதில்லை. அடுத்த மூன்று வாரங்களில் இன்ன நாளில் இன்னது செய்ய வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில்தான் ஒன்றிரண்டு தவறிப்போகின்றன, அதனால்தான் நோயாளிகளை இழக்கிறோம். இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளின் உறவினர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தளவுகள் மருத்துவர்களுக்காகத் தரப்பட்டவை.

ரத்தத்தில் பூஞ்சை என்கிறார்கள். 2021-இல் பேசப்பட்ட கருப்புப் பூஞ்சையா இது?

இல்லை. கரோனா இரண்டாம் அலையில் பரவலாகப் பேசப்பட்டது மியூகோர்மைகோசிஸ். அது மூக்கிலும் சைனஸிலும் தொடங்கிக் கண்ணையும் மூளையையும் தாக்குவது. காற்றில் இருக்கும் பூஞ்சை வித்துகளால் வருவது. இங்கே நாம் பேசுவது கேண்டிடா. இது ஈஸ்ட் வகை. ஆரோக்கியமானவர்களின் வாயிலும் குடலிலும் தோலிலும் தொந்தரவு இல்லாமல் வாழ்கிறது. உடலின் காவல் தளரும்போது ரத்தத்துக்குள் நுழைந்துவிடுகிறது. ஆம்போடெரிசின் என்ற மருந்து இரண்டுக்கும் பயன்படுவதால் குழப்பம் வருகிறது. கேண்டிடாவுக்கு முதலில் தரப்படும் எக்கினோகேண்டின் வகை மருந்துகள் கருப்புப் பூஞ்சைக்கு வேலை செய்வதில்லை.

யாருக்கு இது வருகிறது?

தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் படுத்திருப்பவர்களுக்கு. கழுத்திலோ தொடையிலோ சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய்) போடப்பட்டவர்கள், குடல் அறுவை சிகிச்சை ஆனவர்கள், கணையம் அழுகியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ரத்தக்குழாய் வழியாகவே முழு உணவும் பெறுபவர்கள், வீரியமான ஆன்டிபயாடிக்குகளை வாரக்கணக்கில் பெற்றவர்கள், புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்தவர்கள், எடை குறைந்து பிறந்த குழந்தைகள்.

நம் நாட்டு நிலவரத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தின் பேராசிரியர் அருணாலோக் சக்ரவர்த்தி தலைமையில் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. 1,400 நோயாளிகள் அதில் இடம்பெற்றனர். ஆயிரம் பேர் அனுமதிக்கப்பட்டால் ஆறு பேருக்கு மேல், துல்லியமாக 6.51 பேருக்கு, இந்தத் தொற்று வந்தது. அனுமதிக்கப்பட்டு எட்டு நாள் அளவிலேயே வந்துவிட்டது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 44.7 சதவீதம். மேலைநாட்டுப் பாடப்புத்தகங்களில் முதலிடம் கேண்டிடா ஆல்பிகன்ஸுக்கு; இங்கே முதலிடம் 41.6 சதவீதத்துடன் கேண்டிடா டிராபிகாலிஸுக்கு.

நான்கு பாட்டில்களில் ஒன்றில் மட்டும்தான் வளர்ந்தது. தோலிலிருந்து கலந்ததாக இருக்கலாமே?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. தோலில் வாழும் சில பாக்டீரியாக்கள் ஒரு பாட்டிலில் வந்தால் கலப்படம் என்று ஒதுக்கலாம். கேண்டிடாவுக்கு அந்தச் சலுகை இல்லை. காய்ச்சல் தணிந்துவிட்டது, நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார் என்றாலும் சிகிச்சை கட்டாயம். எதிர்ப்பக்கத்தையும் நினைவில் வையுங்கள். உடலுக்குள் கேண்டிடா ஊடுருவியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்த கல்ச்சர் ஒன்றும் காட்டாது. ஆகவே எடுக்கும்போதே போதிய ரத்தம் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. மூன்று மில்லி மட்டும் வந்த பாட்டிலை ஆய்வகத்தில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது, இதில் வளராமல் போனால் அதை எப்படி நம்புவது என்ற கவலைதான் வரும்.

சளியிலும் சிறுநீரிலும் கேண்டிடா என்று ரிப்போர்ட் வருகிறதே, அதற்கும் மருந்து கொடுக்க வேண்டுமா?

சளிக்கு, அனேகமாக எப்போதும் வேண்டாம். வென்டிலேட்டரில் இருப்பவரின் சளியில் கேண்டிடா குடியிருப்பது சாதாரணம். சிறுநீருக்கும் பெரும்பாலும் வேண்டாம். சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டாலே பலருக்கு மறைந்துவிடும். வெள்ளணுக்கள் குறைந்தவர், எடை மிகக் குறைந்த பச்சிளங்குழந்தை, சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் ஆகியோர் விதிவிலக்கு.

அப்படியானால் தீவிர சிகிச்சைப் பிரிவில் காய்ச்சல் குறையாத எல்லாருக்கும் முன்கூட்டியே பூஞ்சை மருந்து கொடுத்துவிடலாமா?

பிரான்சில் 19 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த எம்பிரிகஸ் ஆய்வு இதைத்தான் சோதித்தது. உடலில் பல இடங்களில் கேண்டிடா குடியேறியிருந்த, செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) வந்த நோயாளிகளுக்கு மைகாஃபன்ஜின் என்ற பூஞ்சை மருந்து தரப்பட்டது. பூஞ்சைத் தொற்று இல்லாமல் பிழைத்தவர்களின் அளவு அதனால் கூடவில்லை. 2016-இல் முடிவு வெளியானது. எல்லாருக்கும் கொடுப்பது வழியல்ல.

ஆனால் தாமதமும் ஆபத்தானது. கல்ச்சர் எடுத்த அன்றே ஃப்ளூகோனசோல் தொடங்கியவர்களில் 15 சதவீதம் பேர் இறந்தார்கள், மறுநாள் தொடங்கியவர்களில் 24, மூன்றாம் நாள் தொடங்கியவர்களில் 37 என்று 2006-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. குடல் ஓட்டை, சென்ட்ரல் லைன், நீண்ட ஆன்டிபயாடிக், ரத்த அழுத்தம் சரிவு ஆகியவை ஒன்றுசேர்ந்திருந்தால் கல்ச்சர் எடுத்த கையோடு தொடங்குங்கள். கல்ச்சரிலும் ஒன்றும் வளராமல், உடல்நிலையிலும் நான்கைந்து நாளில் மாற்றம் இல்லாமல் இருந்தால் நிறுத்துவதற்கும் துணிவு வேண்டும். பூஞ்சையின் செல்சுவரில் உள்ள பொருளை ரத்தத்தில் அளக்கும் பீட்டா டி குளுக்கன் பரிசோதனை அங்கே உதவும். அது நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் நம்பலாம். பாசிட்டிவ் என்றால் அப்படியே நம்ப முடியாது. ஆல்புமின் ஏற்றியவர்களுக்கும் டயாலிசிஸ் செய்தவர்களுக்கும் பூஞ்சை இல்லாமலே கூடிவிடும்.

வழிகாட்டு நெறிமுறை என்று எதைச் சொல்கிறீர்கள்?

பல ஆண்டுகளாக மருத்துவர்கள் கையில் இருப்பது அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2016-இல் வெளியிட்டது. 2025-இல் ஐரோப்பிய மருத்துவப் பூஞ்சையியல் கூட்டமைப்பும் பிற அமைப்புகளும் சேர்ந்து உலகளாவிய நெறிமுறை ஒன்றை வெளியிட்டன. இரண்டையும் படித்தால் நுணுக்கங்களில் வேறுபாடு தெரியும். அடிப்படை வேலைகள் ஒன்றுதான். சரியான மருந்து, சென்ட்ரல் லைன் அகற்றல், மீண்டும் மீண்டும் ரத்த கல்ச்சர், கண், இதயப் பரிசோதனைகள், சரியான நாள் கணக்கு.

முதலில் எந்த மருந்து?

எக்கினோகேண்டின் வகை. காஸ்போஃபன்ஜின் என்றால் முதல் நாள் 70 மில்லிகிராம், பிறகு தினமும் 50. மைகாஃபன்ஜின் என்றால் தினமும் 100. அனிடுலாஃபன்ஜின் என்றால் முதல் நாள் 200, பிறகு 100. சிறுநீரகம் பழுதானவருக்கும் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. நோயாளி மிக மோசமான நிலையில் இல்லை, இதற்கு முன் ஃப்ளூகோனசோல் வாங்கியதில்லை, மருந்துக்கு மசியாத இனமாக இருக்க வாய்ப்பில்லை என்றால் ஃப்ளூகோனசோலிலேயே தொடங்கலாம்: முதல் நாள் 800, பிறகு 400 மில்லிகிராம். சிறுநீரகம் பழுதானவருக்கு அடுத்த நாள்களின் அளவைத்தான் குறைக்க வேண்டும். முதல் நாள் 800-ஐக் குறைக்கக் கூடாது. இந்தத் தவறை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

படர்தாமரைக்கு வாரம் ஒருமுறை விழுங்கும் 150 மில்லிகிராம் மாத்திரை நம் ஊரில் எல்லாருக்கும் பழக்கம். "அதே மாத்திரைதானே" என்ற எண்ணம் இங்கே உயிருக்கு ஆபத்து. பெயர் ஒன்று, அளவு வேறு.

எக்கினோகேண்டின் விலை கூடுதல். வசதி இல்லாத குடும்பத்திடம் இதைச் சொல்வது கடினம் என்பது எனக்குத் தெரியும். காஸ்போஃபன்ஜினும் மைகாஃபன்ஜினும் இந்தியாவில் பல நிறுவனங்களின் தயாரிப்பாகக் கிடைக்கின்றன. எது குறைந்த விலை என்று மருந்தகத்தில் கேளுங்கள். ஐந்தாறு நாளில் ஃப்ளூகோனசோலுக்கு மாற முடிந்தால் மொத்தச் செலவு வெகுவாகக் குறையும். அதற்கு வேண்டியது நேரத்துக்கு எடுத்த மறு கல்ச்சர்.

பூஞ்சை என்று தெரிந்துவிட்டது. எந்த இனம் என்று தெரிய ஏன் இத்தனை அவசரம்?

பாட்டிலில் ஏதோ வளர்கிறது என்று கருவி சைகை கொடுத்ததும் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமிட்டுப் பார்க்கிறோம். பாக்டீரியாக்களைவிடப் பல மடங்கு பெரிதாக, அடர் ஊதா நிறத்தில், முட்டை வடிவச் செல்கள் தெரியும். ஒரு செல்லின் ஓரத்தில் சின்ன மொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மொட்டைப் பார்த்த உடனே தொலைபேசியை எடுக்கிறேன். அதுவரை தெரிந்தது "ஈஸ்ட்" என்பது மட்டும்தான். அடுத்து அதை மனித சீரத்தில் கலந்து 37 டிகிரியில் வைத்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் செல்லிலிருந்து வால் போல் ஒரு குழல் நீளும். நீண்டால் அனேகமாக ஆல்பிகன்ஸ். நிறம் காட்டும் தட்டில் வளர்த்தால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஆல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் நீலம், குருசை இளஞ்சிவப்பு. கிருமியை அதன் புரதங்களைக் கொண்டு அடையாளம் காணும் மால்டி டாஃப் கருவி உள்ள இடங்களில் பெயர் இன்னும் விரைவில் கிடைக்கும்.

பெயர்தான் மருந்தை முடிவுசெய்கிறது. குருசை ஃப்ளூகோனசோலுக்கு இயல்பிலேயே மசியாது. கிளாப்ரேட்டா அரைகுறையாக மசியும். ஆரிஸ் பெரும்பாலும் மசியாது. இனம் எதுவானாலும் ரத்தத்தில் வளர்ந்த கேண்டிடாவுக்கு மருந்து உணர்திறன் பரிசோதனை செய்ய வேண்டும். "கேண்டிடா இனங்கள்" என்று மட்டும் எழுதப்பட்ட ரிப்போர்ட் வந்தால் ஆய்வகத்தை அழைத்து முழுப்பெயர் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கழுத்தில் இருக்கும் சென்ட்ரல் லைனை எடுத்தே ஆக வேண்டுமா? வேறு நரம்பு கிடைப்பதில்லையே?

முடிந்தவரை எடுத்துவிட வேண்டும், சீக்கிரமே. கேண்டிடா அந்தக் குழாயின் உட்சுவரில் பசைபோல் ஒரு படலம் கட்டிக்கொள்ளும். படலத்துக்குள் இருக்கும் செல்களை மருந்து சரியாக எட்டாது. குழாய் இருக்கும்வரை அங்கிருந்து பூஞ்சை ரத்தத்தில் உதிர்ந்துகொண்டே இருக்கும். டயாலிசிஸ் குழாயும் தோலுக்கடியில் பதித்த போர்ட்டும் இதே கணக்குதான்.

ரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து அந்தக் குழாய் வழியாகத்தான் ஓடுகிறது என்றால் ஒரே அடியாகப் பிடுங்க முடியாது. வேறு இடத்தில் புதுக் குழாய் போட்டு, மருந்தை மாற்றிய பிறகு பழையதை எடுக்கலாம். பழைய குழாயின் உள்ளே கம்பி விட்டு அதே துளையில் புதியதைப் போடுவது நல்ல வழியல்ல. அதே அழுக்கில் புதுக் குழாய் அமர்கிறது. புற்றுநோய் சிகிச்சையில் வெள்ளணுக்கள் குறைந்தவர்களுக்குப் பூஞ்சை பெரும்பாலும் குடலிலிருந்து வருகிறது. அவர்களுக்கு மட்டும் தனித்தனியாக யோசித்து முடிவெடுக்கலாம். மற்றவர்களுக்கு "நாளை பார்க்கலாம்" என்று எழுதும் ஒவ்வொரு நாளும் நோயாளியின் கணக்கில் ஏறுகிறது.

மருந்து வேலை செய்கிறது, காய்ச்சலும் இல்லை. ஏன் தினமும் ரத்தம் எடுக்கிறீர்கள்?

உறவினர்கள் கோபத்தோடு கேட்கும் கேள்வி இது. அவர்கள் கோபம் நியாயம்: கைகள் முழுக்க ஊசித் தழும்பு, மீண்டும் இருபது மில்லி ரத்தம். ஆனால் ரத்தம் சுத்தமாகிவிட்டதா என்பதைக் காய்ச்சல் சொல்லாது, கல்ச்சர்தான் சொல்லும். தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், நெகட்டிவ் ஆகும்வரை எடுக்க வேண்டும்.

சரியான மருந்து ஐந்து நாள் ஓடியும் பாசிட்டிவ் ஆகவே இருந்தால் எங்கோ ஒரு பதுங்கிடம் இருக்கிறது என்று பொருள். எடுக்காமல் விட்ட குழாய், குழாய் இருந்த நரம்பில் உறைந்த ரத்தம், இதய வால்வு, வயிற்றுக்குள் சீழ்க்கட்டி. மருந்தை மாற்றுவதற்கு முன் அதைத் தேடுங்கள்.

14 நாள் என்கிறார்கள். எந்த நாளிலிருந்து?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். மருந்து தொடங்கிய நாளிலிருந்து அல்ல. ரத்தம் முதன்முதலாக நெகட்டிவ் ஆன நாளிலிருந்து 14 நாள்; அறிகுறிகளும் நீங்கியிருக்க வேண்டும்; வேறு உறுப்புகளில் பரவியிருக்கக் கூடாது.

தேதி போட்டுப் பார்ப்போம். 5-ஆம் தேதி மருந்து தொடங்கியது. 7-ஆம் தேதி கல்ச்சர் பாசிட்டிவ். 9-ஆம் தேதியும் பாசிட்டிவ். 11-ஆம் தேதி எடுத்ததில் வளரவில்லை. ஐந்து நாள் அடைகாத்து "வளர்ச்சி இல்லை" என்று நாங்கள் எழுதித் தருவது 16-ஆம் தேதி. கணக்கு 16-இல் தொடங்குவதில்லை, 5-இலும் தொடங்குவதில்லை. ரத்தம் எடுத்த 11-இல் தொடங்குகிறது. மருந்து 25-ஆம் தேதி வரை. 5-இலிருந்து எண்ணியவர் 19-ஆம் தேதியே நிறுத்திவிடுவார். ஆறு நாள் குறைவு.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி நிறுத்தப்பட்ட ஒருவரின் கேஸ் ஷீட் இன்னும் என் நினைவில் இருக்கிறது. குடல் ஓட்டைக்கு அறுவை சிகிச்சை ஆனவர். மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு நாளுக்கும் எண் போடப்பட்டிருந்தது: ஒன்று, இரண்டு, பதினான்கு. பதினான்கைச் சுற்றி வட்டமிட்டு அருகில் "நிறுத்தவும்" என்று எழுதியிருந்தார்கள். மறு கல்ச்சர் ரிப்போர்ட்டைத் தேடினேன். எடுக்கவே இல்லை. ஏழு வாரம் கழித்து முதுகுவலி தாங்காமல் திரும்பி வந்தார். முதுகெலும்பில் அதே இனம். எலும்புக்குப் போய்விட்டால் சிகிச்சை 6 முதல் 12 மாதம். அன்று முதல், நான் தொலைபேசியில் சொல்லும் செய்தியில் ஒரு வரி சேர்ந்துகொண்டது: "நாளை மறு கல்ச்சர் அனுப்புங்கள், நெகட்டிவ் ஆன கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த நாளிலிருந்துதான் நாள் எண்ண வேண்டும்."

ரத்தத்தில் தொற்று என்றால் கண் மருத்துவர் எதற்கு?

கண்ணின் உட்படலத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம். ரத்தத்தில் மிதக்கும் கேண்டிடா அங்கே தங்கி வெண்மையான திட்டுகளாக வளரும். கவனிக்காமல் விட்டால் பார்வை போய்விடும். கண்ணுக்குள் எக்கினோகேண்டின் போதிய அளவு போகாது என்பது இன்னொரு காரணம். கண்ணில் திட்டு இருக்கிறது என்று தெரிந்தால் ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் அல்லது ஆம்போடெரிசின் என்று மருந்தே மாறும். சிகிச்சைக் காலமும் நான்கு முதல் ஆறு வாரமாக நீளும்.

இங்கே ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது. அறிகுறி இல்லாத எல்லாருக்கும் கண் பரிசோதனை தேவையில்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமி சொல்கிறது. கண்டறிந்த ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் செய்ய வேண்டும் என்பது தொற்றுநோய்ச் சங்கத்தின் நெறிமுறை. நான் இரண்டாவது பக்கம். வாயில் குழாயோடு மயக்க மருந்தில் இருப்பவர் "கண் மங்கலாகத் தெரிகிறது" என்று யாரிடம் சொல்வார்? வெள்ளணுக்கள் குறைந்தவர்களுக்கு, அணுக்கள் கூடிய பிறகு பார்க்க வேண்டும்; அதற்கு முன் திட்டு கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம்.

செவிலியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண் விரிய சொட்டு மருந்து போட்ட நேரத்தையும் எந்தக் கண் என்பதையும் சார்ட்டில் எழுதுங்கள். இரவுப் பணிக்கு வரும் மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்து, கண்பாவை விரிந்து அசையாமல் இருப்பதைக் கண்டு மூளையில் ஏதோ என்று பதறி சி.டி. ஸ்கேனுக்கு ஓடாமல் இருப்பார்.

எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்)?

செய்ய வேண்டும். செயற்கை வால்வு, பேஸ்மேக்கர், இதயத்தில் புது முணுமுணுப்பு, விடாமல் பாசிட்டிவ் ஆகும் கல்ச்சர் இருந்தால் உணவுக்குழாய் வழியாகச் செய்யும் எக்கோ மேலும் நல்லது. வால்வில் கேண்டிடா பிடித்தால் மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. அறுவை சிகிச்சையும் அதன்பின் குறைந்தது ஆறு வாரம் மருந்தும் வேண்டும்.

ஊசியிலிருந்து மாத்திரைக்கு எப்போது மாறலாம்?

வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாளில். உடல்நிலை நிதானமாக இருக்க வேண்டும், மறு கல்ச்சர் நெகட்டிவ் ஆகியிருக்க வேண்டும், வளர்ந்த இனம் ஃப்ளூகோனசோலுக்கு மசிய வேண்டும். குடல் வேலை செய்கிறது என்றால் ஃப்ளூகோனசோல் மாத்திரையில் சுமார் 90 சதவீதம் ரத்தத்தில் சேர்ந்துவிடும். ஊசிக்கு ஏறக்குறைய ஈடு. வலிப்புக்கு ஃபெனிடாயினோ, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ சாப்பிடுபவர்களுக்கு ஃப்ளூகோனசோல் அந்த மருந்துகளின் வீரியத்தைக் கூட்டிவிடும். அளவைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

ஆம்போடெரிசின் ஏற்றும்போது செவிலியர் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் சீசாவின் மேல் இருக்கும் பெயரை முழுமையாகப் படியுங்கள். சாதாரண ஆம்போடெரிசின் வேறு, நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்த லைபோசோமல் வேறு. லைபோசோமல் ஒரு கிலோ எடைக்கு 3 முதல் 5 மில்லிகிராம் தரப்படுவது. அந்த அளவில் சாதாரண வகையைத் தவறாக ஏற்றினால் இதயம் நின்றுபோகும். சாதாரண வகை ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. இருவர் சேர்ந்து சரிபார்த்த பிறகே இணையுங்கள்.

ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸில் மட்டுமே கலக்க வேண்டும். சலைனில் கலந்தால் மருந்து திரிந்துவிடும். சலைன் ஓடிய குழாயை டெக்ஸ்ட்ரோஸால் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். சாதாரண வகைக்கு முன்னதாக சலைன் ஏற்றுவது சிறுநீரகத்தைக் காக்கும். ஏற்றும்போது குளிர் நடுக்கம் வரும். நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பயப்பட மாட்டார். பொட்டாசியம், மக்னீசியம், கிரியாட்டினின் மூன்றையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

பச்சிளங்குழந்தைகளுக்கு இதே முறைதானா?

சில வேறுபாடுகள் உண்டு. பெரியவர்களின் சிறுநீரகத்தை வாட்டும் சாதாரண ஆம்போடெரிசினைக் குழந்தைகள் வியக்கத்தக்க வகையில் தாங்கிக்கொள்கின்றன. ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பது அவர்களுக்கு முதல் வரிசை மருந்து. மூளைக்குப் பரவும் வாய்ப்பு அதிகம் என்பதால் முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் செய்ய வேண்டும். கல்ச்சர் விடாமல் பாசிட்டிவ் ஆனால் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் "கேண்டிடா ஆரிஸ்" என்று வந்திருக்கிறது. எல்லாரும் பதறுகிறார்கள். ஏன்?

2009-இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்துப் பெயரிடப்பட்ட இனம் இது. ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. முன்பு சொன்ன இந்திய ஆய்வில் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 19-இல் இது இருந்தது, மொத்தத்தில் 5.3 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் மிக முக்கியப் பிரிவில் இதை வைத்தது. ஃப்ளூகோனசோலுக்குப் பெரும்பாலும் மசியாது, ஆம்போடெரிசினுக்குச் சில சமயம் மசியாது. எக்கினோகேண்டின்தான் இங்கும் முதல் மருந்து.

மற்ற கேண்டிடாக்கள் பெரும்பாலும் நோயாளியின் உடலில் ஏற்கெனவே இருந்தவை. ஆரிஸ் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும். கட்டில் கம்பி, பி.பி. பட்டை, வெப்பமானி என்று எங்கும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வழக்கமாகத் தரை துடைக்கும் சில கிருமிநாசினிகள் இதைக் கொல்வதில்லை. குளோரின் சேர்ந்தவை கொல்லும். தனி அறை, கையுறை, மேலங்கி, நோயாளிக்கென்றே ஒரு ஸ்டெதாஸ்கோப். கைகளுக்கு ஆல்கஹால் திரவம் போதும். உறவினர்கள் பார்க்க வரலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். வெளியே வரும்போது கையைச் சுத்தம் செய்தால் போதும். நோயாளியைத் தீண்டத்தகாதவர்போல் நடத்துவது எந்த நெறிமுறையிலும் இல்லை.

இவ்வளவும் செய்தால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. நெறிமுறையின் ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பெண் கொடுக்கும் "ஈக்வல் கேண்டிடா" என்ற அட்டவணையை ஐரோப்பிய மருத்துவப் பூஞ்சையியல் கூட்டமைப்பு 2018-இல் உருவாக்கியது. சென்ட்ரல் லைன் இருப்பவருக்கு அதிகபட்சம் 22, இல்லாதவருக்கு 19. இருபது நாடுகளின் 64 மருத்துவமனைகளில் 632 நோயாளிகளை இந்த அட்டவணையால் அளந்து 2023-இல் முடிவு வெளியானது. 90 நாளுக்குள் 43 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மதிப்பெண் குறையக் குறைய இறப்பு கூடியது. முதல் வாரத்திலேயே இறந்துபோனவருக்குக் கண் பரிசோதனை செய்ய நேரமே இருந்திருக்காது, மதிப்பெண் குறைந்ததால்தான் இறந்தார் என்று நேரடியாகச் சொல்ல முடியாது என்ற எதிர்வாதம் உண்டு. அது நேர்மையான வாதம். ஆனாலும் இந்த அட்டவணையில் உள்ள எந்த வேலையும் நோயாளிக்குத் தீங்கு செய்வதற்காகச் சேர்க்கப்பட்டதல்ல, பெரும்பாலானவை விலை அதிகம் பிடிப்பவையும் அல்ல. ஒரு தாளில் அச்சிட்டுக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் குத்திவிட்டால் போதும்.

எங்கள் மருத்துவமனையில் தொற்றுநோய் நிபுணர் இல்லை. நாங்களே பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும், ஆனால் யாரையாவது கேளுங்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், தொற்றுநோய் நிபுணர் பார்த்தவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 29 சதவீதம், பார்க்காதவர்களில் 51. நிபுணர் மந்திரம் எதுவும் செய்வதில்லை. லைனை எடுக்கச் சொல்கிறார், கண் பார்க்கச் சொல்கிறார், நாளை எண்ணுகிறார். மாவட்ட மருத்துவமனையில் இருப்பவர்கள் அருகில் உள்ள மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையைத் தொலைபேசியில் அழைக்கலாம். கேட்டால் சொல்லக் கூடாது என்று நினைப்பவர்கள் எங்கள் துறையில் குறைவு.

என் தந்தை இந்தத் தொற்றிலிருந்து மீண்டு வீடு திரும்புகிறார். நான் எதைக் கவனிக்க வேண்டும்?

டிஸ்சார்ஜ் தாளில் நான்கு விவரங்கள் இருக்கின்றனவா என்று வாசலைத் தாண்டும் முன் பாருங்கள்: பூஞ்சையின் முழுப்பெயர், ரத்தம் முதலில் நெகட்டிவ் ஆன தேதி, மருந்து எந்தத் தேதி வரை, கண் பார்த்தார்களா, என்ன தெரிந்தது. ஒன்று விட்டுப்போயிருந்தாலும் திரும்பிப் போய் எழுதி வாங்குங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாத்திரையை இடையில் நிறுத்த வேண்டாம். மருந்துக்கடையில் 200 மில்லிகிராம் இல்லை, 150 இருக்கிறது என்றால் வாங்கிவிடாமல் மருத்துவரை அழையுங்கள். அடுத்த மூன்று மாதங்களுக்குள் காய்ச்சல், விலகாத முதுகுவலி, பார்வையில் மங்கல் அல்லது மிதக்கும் கரும்புள்ளிகள் வந்தால் வைரஸ் காய்ச்சல், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் தாளோடு வந்து, "இவருக்கு ரத்தத்தில் கேண்டிடா இருந்தது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.